முதல் ஐஸ் மீன்பிடிப் பயணம்: ஸ்கார்பரோ குடும்பம் ஒன்றின் ட்ரவுட் திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

கனடாவின் டொராண்டோ நகரில், ஸ்கார்பரோவில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, 8 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள். செப்டம்பரில் கல்லூரிப் படிப்புக்கு வந்து சேர்ந்த மனைவியின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அம்மம்மா, வயது 68. ஆறு பேரில் யாரும் உறைந்த ஏரியில் தூண்டில் போட்டதில்லை. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் பிடிக்கப் போக வேண்டும் என்பது ஆசை. இது மாதிரிக்காக அமைத்த குழுதான். ஆனால் இவர்கள் போடும் முதல் திட்டம் புதியவர்கள் வழக்கமாகப் போடுவது: பக்கத்தில் இருக்கும் பெரிய ஏரியான சிம்கோவுக்குப் போவது, காலை 10 மணிக்குச் சேருவது, பெரிய லேக் ட்ரவுட் பிடிப்பது, அதற்கு முன் கடைக்குப் போய் ஆகரும் (ஐஸில் துளை போடும் திருகு) கூடாரமும் வாங்குவது.

இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு வரியும் தனித்தனியே நியாயமாகத்தான் தெரியும். வரிசைதான் தலைகீழ். எந்த மீன், எந்த ஏரி என்பதை முதலில் முடிவு செய்தால் ஆழம், நேரம், கருவி எல்லாம் தானாக அமையும். கருவியில் தொடங்கினால், வாங்கிய கருவிக்கு ஏற்ற ஏரியைத் தேடி அலைய வேண்டியதுதான்.

சிம்கோவை ஏன் விட்டோம்

சிம்கோ அருமையான ஏரி. அதில் குறை எதுவுமில்லை, முதல் பயணத்துக்குப் பொருந்தாது, அவ்வளவே. பரப்பளவு சுமார் 722 சதுர கிலோமீட்டர். கெம்பன்ஃபெல்ட் விரிகுடாவில் ஆழம் 41 மீட்டர் வரை போகும். லேக் ட்ரவுட் குளிர்காலத்தில் அங்கே பெரும்பாலும் 15 முதல் 30 மீட்டர் ஆழத்தில் திரியும். அந்த ஆழத்தில் என்ன நடக்கிறது என்று, ஒலியால் மீனையும் ஆழத்தையும் காட்டும் சோனார் கருவி இல்லாமல் புதியவருக்குப் புரியாது. 8 வயதுப் பிள்ளை கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றுக்காகத் தூண்டில் நரம்பைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம்கூட உட்காராது. அதோடு, இவ்வளவு விரிந்த ஏரியில் காற்று ஐஸைத் தள்ளி அழுத்த வெடிப்புகளை உண்டாக்கும். காலையில் நடந்து கடந்த இடம் மாலையில் திறந்த நீராக இருக்கக்கூடும். அந்த வெடிப்புகளைப் படிக்கத் தெரிந்த வழிகாட்டியோடு, கரையிலிருந்து கூட்டிப்போய்க் குடிலில் இறக்கிவிடும் வாடகைச் சேவையோடு போவதானால் சிம்கோவும் சரியே. தாமாகப் போகிற முதல் பயணத்துக்கு வேறிடம் பார்ப்பது நல்லது.

மாற்று: டொராண்டோவுக்கு வடக்கே ஹாலிபர்ட்டன் பகுதியில், 40 ஹெக்டேருக்குள் அடங்கும் சிறிய ஏரி, ரெயின்போ ட்ரவுட் அல்லது ஸ்பிளேக் விடப்பட்டது. ஸ்பிளேக் என்பது லேக் ட்ரவுட்டையும் ப்ரூக் ட்ரவுட்டையும் இணைத்துப் பண்ணையில் உருவாக்கும் கலப்பினம். ரெயின்போ நம்மவர்களுக்கு முற்றிலும் அந்நியமில்லை. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரி ஓடைகளிலும் நுவரெலியாப் பக்கமும் கொண்டுவந்து விட்டது இதே இனம்தான். குளிர்காலத்தில் ரெயின்போ கரையோரம் 1 முதல் 4 மீட்டர் ஆழமுள்ள நீரில், பல நேரம் ஐஸுக்கு நேர் கீழேயே சுற்றும். ஆழம் குறைவு, கரை பக்கம், மீனைக் கண்ணாலேயே பார்க்கலாம். புதியவருக்கு இந்த மூன்றுக்கும் ஈடான கருவி எந்தக் கடையிலும் கிடையாது.

ஒன்டாரியோ அரசு ஆண்டுக்குச் சுமார் 80 லட்சம் மீன்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீர்நிலைகளில் விடுகிறது. எந்த ஏரியில், எந்த இனம், எந்த ஆண்டு, எத்தனை என்பதெல்லாம் 'ஃபிஷ் ஆன்-லைன்' என்ற அரசு வரைபடத்தில் இருக்கிறது. அதில் பார்க்க வேண்டியது மூன்று. அண்மை ஆண்டுகளில் இடைவிடாமல் மீன் விடப்பட்டிருக்கிறதா? விட்டது ஒரு வயதுக் குஞ்சுகளா? (அதைவிடச் சிறிய குஞ்சுகள் என்றால் தப்பிப் பிழைப்பவை குறைவு.) குளிர்காலத்தில் பனி அகற்றும் சாலை ஏரிக்கு எத்தனை அருகில் வருகிறது? மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கோடையில் படகு இறக்கும் பாதை பிப்ரவரியில் ஒரு மீட்டர் பனிக்கு அடியில் கிடக்கும். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டிய ஏரிகளை இந்தக் குழுவுக்காக நாங்கள் நீக்கிவிட்டோம். அம்மம்மாவும் சறுக்குவண்டியில் சாமானும் அதற்குமேல் தாங்காது.

அனுமதிச் சீட்டில் சிக்கும் இரண்டு பேர்

ஒன்டாரியோவில் 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு மீன்பிடி அனுமதி வேண்டும். பிள்ளைகளுக்கு வேண்டாம். கணவனும் மனைவியும் அவுட்டோர்ஸ் கார்டு என்ற அரசு அட்டை எடுத்து அனுமதி வாங்க வேண்டும். ஒரே நாளுக்கான அனுமதி என்றால் கார்டு தேவையில்லை.

சிக்கல் மற்ற இருவருக்கு. 65 வயது நிறைந்தால் அனுமதி வேண்டாம் என்ற சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். விசிட்டர் விசாவில் வந்த அம்மம்மா தூண்டிலைத் தொடுவதானால், வெளிநாட்டவருக்கான அனுமதி வாங்கியே ஆக வேண்டும். தம்பியின் நிலைமை இன்னும் நுட்பமானது. வசிப்பவர் என்று கணக்கில் வர, விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்களில் தொடர்ந்து ஆறு மாதம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். செப்டம்பரில் வந்தவருக்குப் பிப்ரவரி நடுவில் அது நிறைவாகாது. அவரும் வெளிநாட்டவர் அனுமதியே எடுக்க வேண்டும். பிப்ரவரி மூன்றாம் திங்களை ஒட்டிய ஃபேமிலி டே வார இறுதியில் அனுமதியின்றி மீன் பிடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அதுவும் கனடாவில் வசிப்பவர்களுக்கான சலுகைதான்.

ஹாலிபர்ட்டன் 15ஆம் மீன்வள மேலாண்மை வலயத்தில் வருகிறது. இயற்கையாகப் பெருகும் லேக் ட்ரவுட்டுக்கும் ப்ரூக் ட்ரவுட்டுக்கும் பல ஏரிகளில் குளிர்காலத் தடை உண்டு. மீன் விடப்பட்ட ஏரிகள் பெரும்பாலும் திறந்திருக்கும். வலய விதியைப் படித்ததும் நிறுத்திவிடக் கூடாது. அதே பக்கத்தின் கீழே, விதிவிலக்குப் பட்டியலில் உங்கள் ஏரியின் பெயர் இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால் அந்த வரிதான் செல்லும். பொதுவாக ஐஸில் ஒருவருக்கு இரண்டு நரம்பு அனுமதி, சில ஏரிகளில் ஒன்றே ஒன்று. போட்ட நரம்பிலிருந்து 60 மீட்டருக்குள், அது கண்ணில் படும்படி நிற்க வேண்டும். உயிர் மீனை இரையாகப் போடுவது பல ட்ரவுட் ஏரிகளில் தடை. ஆகவே இந்தத் திட்டத்தில் இரை மீனே கிடையாது. மண்புழுத் துண்டும், ஓர் அங்குலத்துக்கும் குறைவான உலோக ஸ்பூனும் (சிறு மீன்போல் மின்னும் செயற்கை இரை) போதும்.

ஐஸ்

பயணத்தின் பாதுகாப்பு முழுவதும் இங்கேதான் இருக்கிறது, அதனால் சற்று விரிவாக.

கனடா செஞ்சிலுவைச் சங்கத்தின் அளவுப்படி தெளிந்த ஐஸில் ஒருவர் நடக்க 15 செ.மீ. தடிமன் வேண்டும், பலர் கூடி விளையாட 20 செ.மீ. ஆறு பேர் ஓரிடத்தில் சேரும் குழு என்பதால் 20-ஐத்தான் எல்லையாக வைத்தோம். ஐஸ் எல்லாம் ஒன்றல்ல. நீலச் சாயலோடு கண்ணாடிபோல் இருப்பது முழு வலிமை உள்ளது. பனி நனைந்து உறைந்ததால் வெண்மையாக இருக்கும் ஐஸின் வலிமை ஏறக்குறைய அதில் பாதி. துளையில் அளக்கும்போது இரண்டையும் பிரித்தே அளக்க வேண்டும். மேலே 14 செ.மீ. வெள்ளை, கீழே 12 செ.மீ. தெளிவு என்று வந்தால் மொத்தம் 26 என்று மகிழ்ந்துவிடக் கூடாது. வெள்ளையைப் பாதியாக்கினால் 7, அதோடு 12 சேர்ந்து 19. திரும்ப வேண்டியதுதான்.

அளக்கும் முறை இது. பெரியவர் ஒருவர் மட்டும் முதலில் இறங்குவார், மற்றவர்கள் கரையில் நிற்பார்கள். அவர் கையில் கடப்பாரைபோல் நீண்ட ஐஸ் உளி. ஒவ்வொரு ஓரிரண்டு அடிக்கும் முன்னால் ஓங்கிக் குத்திப் பார்க்க வேண்டும். ஒரே குத்தில் தண்ணீர் வந்தால் வந்த தடத்திலேயே பின்வாங்க வேண்டும். உளி நல்ல ஐஸில் 'டங்' என்று எதிர்க்கும், மோசமான ஐஸில் மந்தமாக இறங்கும். கரையிலிருந்து 5 மீட்டரில் முதல் துளை, பிறகு 15 மீட்டருக்கு ஒன்று என்று போட்டு அளவுகோலின் கொக்கியை ஐஸின் அடிப்புறத்தில் மாட்டி அளக்க வேண்டும். ஓடை வந்து சேரும் இடம், வெளியேறும் இடம், இரு கரை நெருங்கும் குறுகல், நாணல் திட்டு, நீரில் குமிழி விட்டு ஐஸ் பிடிக்காமல் காக்கும் படகுத்துறை ஆகியவற்றின் பக்கமே போகக் கூடாது. ஓடை வாயில் மீன் கூடும் என்பது உண்மை. ஐஸ் மெலிவதும் அங்கேதான்.

ஹாலிபர்ட்டனில் தடிமனைவிட அதிகமாகத் தொல்லை தருவது பனிக்கூழ். கனத்த பனி ஐஸை நீர்மட்டத்துக்குக் கீழே அழுத்தும், வெடிப்பு வழியே நீர் மேலேறும், மேலிருக்கும் பனி அதைப் போர்வைபோல் மூடி உறையவிடாமல் வைக்கும். பார்வைக்கு வெறும் பனி. காலை வைத்தால் கணுக்கால் வரை ஈரம். −15 பாகையில் நனைந்த பூட்ஸோடு ஒரு பிள்ளை இருந்தால் பயணம் அந்த நிமிடமே முடிந்தது. ஸ்னோமொபைல் ஓடி இறுகிய தடத்தில் நடப்பது, முழங்கால் வரை நீர் புகாத பூட்ஸ், ஒவ்வொருவருக்கும் மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி. இந்த மூன்றும் இல்லாமல் கிளம்பக் கூடாது.

கருவிப் பட்டியலில் பேரம் பேசக்கூடாதவை: ஆறு பேர் கழுத்திலும் தொங்கும் ஐஸ் ஊசி ஜோடி (நீரில் விழுந்தால் ஐஸில் குத்திப் பிடித்து ஏற), மிதவைச் சட்டை, 15 மீட்டர் வீசு கயிறு, பூட்ஸில் மாட்டும் முள்தகடு. ஊசியைப் பையில் வைத்தால் பயனில்லை. நீருக்குள் விழுந்தவரால் பையைத் திறக்க முடியாது. மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 கணக்கை எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும். மூச்சிரைப்பு அடங்க 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். குளிரால் நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். முதல் நிமிடம் வேறெதையும் செய்யாமல் மூச்சைச் சீராக்க வேண்டும். பிறகு வந்த திசைக்கே திரும்பி (அந்த ஐஸ்தான் உங்களைத் தாங்கியது) ஊசியைக் குத்தி, காலை உதைத்து, வயிற்றால் ஊர்ந்து ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்கக் கூடாது, உருண்டு விலக வேண்டும். 12 வயதுப் பிள்ளைக்கு இதை வீட்டுத் தரையில் படுக்கவைத்துச் செய்துகாட்டிப் பழக்கலாம்.

எப்போது போவதில்லை

முந்தைய நாள் மாலை 6 மணிக்கு முடிவு. முடிவெடுப்பவர் ஒருவர் மட்டுமே, இங்கே மனைவி. காற்றோடு சேர்ந்த குளிர் −27-க்குக் கீழ் என்று முன்னறிவிப்பு சொன்னால் ரத்து. அதற்குக் கீழே மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்து புண்ணாகலாம். இரண்டு நாள் தொடர்ந்து பூச்சியத்துக்கு மேல் வெப்பம் இருந்தாலோ, மழை பெய்தாலோ ரத்து. போகும் வழியான 35ஆம் நெடுஞ்சாலையில் உறைமழை எச்சரிக்கை இருந்தாலும் ரத்து. இதை எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. விடிகாலை 4 மணிக்கு, சாமான் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, 'இவ்வளவு ஏற்பாடு பண்ணிட்டோமே' என்ற எண்ணம்தான் முடிவெடுக்கும்.

லிண்ட்சே, மிண்டன் வழியாக ஹாலிபர்ட்டனுக்கு நல்ல சாலையில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். பிப்ரவரி நடுவில் 7 மணி கடந்துதான் சூரியன் உதிக்கும். ட்ரவுட் விடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான் ஆழமற்ற நீரில் மும்முரமாக மேயும். முதல் திட்டத்தின் 10 மணி வருகை அந்த நேரத்தை முழுக்க இழக்கிறது. பிள்ளைகளை 4 மணிக்கு எழுப்புவதைவிட, வெள்ளி இரவு மிண்டனிலோ ஹாலிபர்ட்டனிலோ தங்குவதையே பரிந்துரைக்கிறோம். செலவு கூடும். ஆனால் தூக்கம் கெட்ட பிள்ளை குளிரை இரட்டிப்பாக உணரும். 7 மணிக்கு ஐஸில், 12 மணிக்குக் கட்டி முடித்துக் கிளம்புவது, வெளிச்சத்திலேயே வீடு. ஏரியின் பெயர், வண்டி நிறுத்திய இடம், திரும்பும் நேரம் ஆகியவற்றை ஊரில் ஒருவரிடம் சொல்லிவைக்க வேண்டும். பல ஏரிகளில் கைபேசி அலை கிடைக்காது.

துளையும் தூண்டிலும்

15 செ.மீ. வாய்க் கை ஆகர் ஒன்று போதும். ரெயின்போவுக்கு அதற்குமேல் தேவையில்லை, சிறிய துளையில் பிள்ளையின் கால் விழுந்து முறியும் ஆபத்தும் குறைவு. ஆகரை நேராக நிறுத்தி, தலைப்பிடியில் லேசாக மட்டும் அழுத்திச் சுற்ற வேண்டும். வெட்டுவது கத்தி, உடல் எடை அல்ல. நடுவில் நிறுத்தி எட்டிப் பார்த்தால் ஈரத்தூள் கத்தியைச் சுற்றி உறைந்து, மறுபடி பிடிக்காது. துளை திறந்ததும் ஒரே இழுப்பில் மேலே தூக்கினால் தூள் நீரோடு வெளியேறும். கத்தியில் ஒட்டிய ஐஸை உதற வேண்டும், ஐஸில் தட்டக் கூடாது. கத்தியின் கோணம் சற்று வளைந்தாலும் பிறகு அது வழுக்கிக்கொண்டு சுற்றும். பலர் 'கத்தி மழுங்கிப்போச்சு' என்று சொல்வது பாதி நேரம் இதுதான். மீதிப் பாதி, கரையோர மணலில் இடித்தது.

வெளிநீட்டிய கரை முனை ஒன்றையோ நீரில் சாய்ந்த மரம் ஒன்றையோ தேர்ந்து, அங்கிருந்து ஏரிக்குள் போகும் கோட்டில் 1.5, 3, 5 மீட்டர் ஆழங்களில் மும்மூன்று துளைகள், துளைக்கு 4 மீட்டர் இடைவெளி. ஆழம் பார்க்க நரம்பில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கினால் போதும், சோனார் வேண்டாம். ஒன்பதையும் தொடக்கத்திலேயே போட்டுவிட வேண்டும். ஆழமற்ற நீரில் ஆகர் சத்தம் மீனை விரட்டும், 20 நிமிடம் அமைதி காத்தால் திரும்பிவரும். மீன் வந்து சுற்றும் நேரத்தில் 'இன்னும் ஒரு துளை' என்று சுற்றத் தொடங்குவது புதியவர்கள் கெடுக்கும் முதல் வாய்ப்பு.

தூண்டில் கோல் 24 முதல் 28 அங்குலம், மெல்லிய ரகம். 4 பவுண்டு நரம்பு. ஸ்பூனுக்கு 45 செ.மீ. மேலே ஒரு சிறு சுழலி கட்டாயம். இல்லையென்றால் ரீலிலிருந்து முறுக்கிவரும் நரம்பு இரையைப் பம்பரமாகச் சுற்றும். ரெயின்போ அருகே வந்து பார்த்துவிட்டுப் போய்விடும், ஏன் கடிக்கவில்லை என்பதே தெரியாது. ஸ்பூன் 3 கிராம் அளவு, கொக்கியில் விரல்நகம் அளவு புழுத்துண்டு. ஒரு சாண் தூக்கி, தானாக ஆடி இறங்கவிட்டு, பத்து எண்ணும் வரை அசையாமல் வைக்க வேண்டும். கடி விழுவது அந்த அசையாத நேரத்தில். நுனி வெட்டி இழுக்கும் என்று காத்திருக்கக் கூடாது. மீன் கீழிருந்து இரையைத் தூக்கினால் நரம்பு தளரும், அதுவும் கடிதான்.

பிள்ளைகளுக்கு 1.5 மீட்டர் துளை. ஐஸில் தடித்த ஃபோம் பாயை விரித்துக் குப்புறப் படுத்து, தலைமேல் ஒரு கோட்டைப் போர்த்தி, துளைக்குள் பார்க்கச் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் கண் பழகும். அடியில் கிடக்கும் இலை, கூழாங்கல், தொங்கும் ஸ்பூன் எல்லாம் பச்சை வெளிச்சத்தில் தெளியும். ரெயின்போ வந்தால் பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை மின்னக் கடந்துபோகும். மூன்றாம் முறை சுற்றிவந்து வாயைத் திறப்பதைப் பிள்ளையே பார்க்கும். எட்டு வயதுக்காரரை இரண்டு மணி நேரம் ஐஸில் வைத்திருக்க இதைவிட உறுதியான வழி எங்களுக்குத் தெரியாது.

அம்மம்மாவுக்கு டிப்-அப். துளைமேல் நிற்கும் சட்டம், மீன் இழுத்தால் கொடி எழும். நாற்காலியில் போர்வையோடு இருந்து கொடியைப் பார்த்தால் போதும். இரையை ஐஸுக்கு அரை மீட்டர் கீழேயே நிறுத்த வேண்டும், அடியில் வைத்துப் பலர் வீணாக்குகிறார்கள். ஆறு பேருக்கும் சேர்த்து மூன்று டிப்-அப்புக்கு மேல் போடவேண்டாம். கொடி எழுந்தால் பிள்ளைகள் ஓடுவார்கள், வழியில் இருப்பது துளைகள். ஒவ்வொரு துளைப் பக்கத்திலும் ஒரு மரக்கிளை நட்டு வைக்க வேண்டும்.

மீன் மாட்டியதும் ரீலின் பிடி இறுக்கமாக இருந்தால் 4 பவுண்டு நரம்பு ஒரே பாய்ச்சலில் அறும். கையால் இழுத்தால் நரம்பு வழுக்கி வர வேண்டும், அந்த அளவுதான் சரி. மீன் துளைக்கடியில் சுற்றும்போது கோல்நுனியை நீருக்குள் இறக்கினால் நரம்பு ஐஸின் கூரிய விளிம்பில் உராயாது. கோலை ஐஸில் கிடத்திவிட்டுத் தேநீர் ஊற்றப் போகக் கூடாது. கோலையே துளைக்குள் இழுத்துக்கொண்டு போகும் வலிமை ஒரு கிலோ மீனுக்கு உண்டு. வளையங்களில் ஐஸ் பிடித்தால் முறுக்கி உடைக்காமல், நீரில் முக்கி விரலால் தேய்த்துக் கரைக்க வேண்டும்.

கூடாரம், வெப்பம், கழிப்பிடம்

துணிக்கூடாரத்தின் தரைப்பரப்பு 7 சதுர மீட்டருக்குள் இருந்தால், ஐஸ் குடில்களுக்கு அரசு கேட்கும் பதிவு எண் வேண்டாம். முதலில் நான்கு மூலைகளிலும் ஐஸ் திருகாணி, பிறகே விரிப்பது. காற்றில் உருண்டோடும் கூடாரத்தை ஐஸில் துரத்தும்போதுதான் மெலிந்த இடத்துக்குப் போய்விடுவார்கள். உள்ளே புரோபேன் அடுப்பு எரிந்தால் கீழே ஒரு திறப்பும் மேலே ஒரு திறப்பும் எப்போதும் திறந்திருக்க வேண்டும். மின்கலத்தில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி தலைமட்டத்தில் தொங்க வேண்டும். தலைவலியும் தூக்கமும் குளிரால் என்று நினைத்துத் திறப்பை மூடுவதுதான் உயிரை எடுக்கும்.

ரோல்ஸையும் தேநீர் ஃபிளாஸ்கையும் கூலர் பெட்டிக்குள் சுடுநீர்ப் போத்தலோடு வைத்தால் மதியம் வரை உறையாது. தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வைக்க வேண்டும். ஐஸ் மேலே பிடிக்கும், அப்போது மூடிப்பக்கம் நீராகவே இருக்கும். பருத்தி உள்ளாடை, பருத்திக் காலுறை எதுவும் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் உலராது. கழிப்பிடம் ஏரியில் கிடையாது. ஒதுக்குப்புறமாக ஒரு சிறு மறைப்புக் கூடாரம், மூடியுள்ள வாளி, தடித்த பை. இதைத் திட்டத்தில் எழுதாத குடும்பங்களில் பெண்கள் தேநீரையும் தண்ணீரையும் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். உடலில் நீர் வற்றினால் குளிர் இன்னும் வேகமாகத் தாக்கும்.

மீன் கையில் வந்த பிறகு

விடுவதானால் மீனைப் பனியில் போடக் கூடாது. −15 பாகையில் கண்ணும் செவுளும் நொடிகளில் உறையத் தொடங்கும். துளைக்குள்ளேயே, ஈரக்கையால், இடுக்கியால் கொக்கியைக் கழற்ற வேண்டும். வைத்துக்கொள்வதானால் தலையில் ஒரே அடி, செவுள் வெட்டி இரத்தம் வடித்தல், பிறகு பை. எத்தனை மீன், எந்த இனம் என்று அதிகாரி பார்த்ததும் தெரியும்படி கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். ஆகவே தோலுரித்துத் துண்டு போடுவதெல்லாம் வீட்டில்தான், ஏரியில் குடலை மட்டும் எடுக்கலாம். குடலையும் மிச்சப் புழுவையும் ஐஸில் விடாமல் பையில் கட்டி எடுத்து வர வேண்டும். ரெயின்போவுக்குச் செதில் மிகச் சிறியது, உரசத் தேவையில்லை. முழுதாகக் கீறி மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு தடவிப் பொரித்தால் தோலே மொறுமொறுப்பாக வரும்.

வீடு வந்ததும் முதல் வேலை ஆகர் கத்தி. துடைத்து, காயவைத்து, துளி எண்ணெய் தடவி உறையை மாட்டுங்கள். ஈரத்தோடு உறைக்குள் போன கத்தி அடுத்த வாரத்துக்குள் துருப்பிடித்துவிடும்.